இருபத்தைந்து வார்த்தை

"'பயிற்சி'ன்னு சொன்னியா, சொல்லலியா? அதை மட்டும் சொல்லு. ஓவர்."

பொன்சியானோ மைக்கைக் கடித்துவிடுபவர்போல வாயருகே வைத்துக்கொண்டு கேட்டார். ரேடியோப் பெட்டியில் கரகரவென்று இரைச்சல். இரைச்சலுக்கு நடுவே யாரோ வேர்க்கடலை மெல்லும் சத்தம்.

"சொல்லலண்ணே. ஓவர்."

"ஏன்டா சொல்லல?"

பதில் இல்லை.

"டேய் டோமெங்! ஏன் சொல்லலன்னு கேக்கறேன்!"

அப்போதும் பதில் இல்லை. பொன்சியானோவுக்கு உறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓவர்" என்றார்.

"ஆங், இப்ப சரி. எதிராளி 'ஓவர்' சொல்லாம வாயைத் திறக்கக்கூடாதுன்னு மூணாம் விதி இருக்குல்ல, அதான் காத்துக்கிட்டிருந்தேன். செய்தி இருபத்தஞ்சு வார்த்தைக்கு மேல போகக்கூடாதுன்னு நீங்கதானே ரெண்டாம் விதி எழுதினீங்க? எண்ணிப் பார்த்தா இருபத்தேழு வருது. முன்னால ஒரு 'பயிற்சி', பின்னால ஒரு 'பயிற்சி'. ரெண்டையும் வெட்டிவிட்டேன். இப்ப கச்சிதமா இருக்கு. ஓவர்."

டோமெங் முடிவெட்டுகிறவன். ஓரத்தில் எது நீட்டிக்கொண்டிருந்தாலும் அவன் கை சும்மா இருக்காது. இவனைப் போய் மலைமேல் உட்காரவைத்தோமே என்று பொன்சியானோ தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

ஆனால் வேறு வழியும் இல்லை. அவர்கள் ஊரான சான் எலிகியோவுக்கும் மாகாணத் தலைநகருக்கும் குறுக்கே ஒரு மலை இருக்கிறது. இங்கே பேசுவது அங்கே கேட்காது, அங்கே பேசுவது இங்கே கேட்காது. நடுவில் மலையுச்சியில் ஒரு ஆள் உட்கார்ந்து, இங்கே கேட்டதை அங்கேயும் அங்கே கேட்டதை இங்கேயும் திருப்பிச் சொல்ல வேண்டும். ஊரில் ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருப்பவர்களில் முட்டிவலி இல்லாமல் மலையேறக்கூடியவன் டோமெங் ஒருத்தன்தான்.

புயல் அடித்தால் முதலில் படுப்பது கைப்பேசிக் கோபுரம். அப்போது ஊருக்குக் கைகொடுப்பது இந்த ரேடியோக்காரர்கள்தான். அதற்காக ஒவ்வொரு வருடமும் புயல்காலத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ஒத்திகை நடக்கும். சங்கத் தலைவர் பொன்சியானோ. ஆணி, கீல், பெயின்ட் விற்கும் கடை வைத்திருப்பவர். ஒத்திகைக்குப் பன்னிரண்டு விதிகளை அவரே எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, கடையில் மாட்டியிருந்தார். முதல் விதியே இதுதான்: ஒத்திகைச் செய்தி ஒவ்வொன்றும் 'பயிற்சி' என்று தொடங்கி 'பயிற்சி' என்று முடிய வேண்டும். இல்லாவிட்டால் யாராவது நிஜமென்று நம்பிவிடுவார்கள்.

அந்த முதல் விதிக்குத்தான் டோமெங் கத்தரி போட்டிருந்தான். அவன் தலைநகருக்குச் சொன்ன செய்தி இது:

"சான் எலிகியோ பாலம் உடைந்துவிட்டது. கைப்பேசிகள் அனைத்தும் செயலிழந்தன. நாற்பது குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் தஞ்சம். இரண்டு நிறைமாதக் கர்ப்பிணிகள். அரிசி இருபது மூட்டை, மருத்துவர் ஒருவர், மீட்புப் படகு உடனே தேவை. மேயர் கவினோ."

தலைநகரில் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்பது எபிஃபானியா டீச்சர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எதிலும் ஒரு கால்புள்ளிகூடத் தவறவிடாதவர். பக்கத்து அறைதான் நிவாரண அலுவலகம். அவரிடமிருந்து டோமெங் வழியாக வந்த பதிலைக் கேட்டுத்தான் பொன்சியானோ டோமெங்கைக் குடையத் தொடங்கியிருந்தார்.

"செய்தி கிடைத்தது. நிவாரண அலுவலகத்தில் ஒப்படைத்தாயிற்று. அரிசி ஏற்றுகிறார்கள். படகு மதியம் புறப்படும். இரண்டு கர்ப்பிணிகளுக்காகவும் ஜெபிக்கிறோம்."

"என்ன சியானோ, முகம் வெளுத்துப்போச்சு?" என்று கேட்டபடி வந்தாள் அவர் மனைவி சொலெதாத். கையில் பாத்திரம். சமையலறைக் கூரை ஒழுகுவதற்கு அடியில் வைக்கிற பாத்திரம். கூரை ஒழுகுவதற்குக் காரணம், அதைத் துளைத்துக்கொண்டு நிற்கிற ஆன்டெனா கம்பம்.

பொன்சியானோ விஷயத்தைச் சொன்னார்.

"பொய்யா ஆபத்துச் செய்தி அனுப்பினா என்ன பண்ணுவாங்க?"

"உரிமத்தைப் பிடுங்கிடுவாங்க."

"நல்லதாப் போச்சு. கம்பத்தைப் பிடுங்கித் தோட்டத்துல நட்டு, கொடி கட்டித் துணி காயப்போட்டுக்கறேன்."

பொன்சியானோவுக்குக் கண் கலங்கிவிட்டது. கடையில் அவர் ஒரு விலை சொன்னால் வாங்க வந்தவன் ஒரு விலை சொல்வான். வீட்டில் அவர் வாயைத் திறக்கும் முன்பே சொலெதாத் முடித்துவிடுவாள். அவர் 'ஓவர்' சொல்லும்வரை நாலு பேர் பொறுமையாகக் காத்திருக்கிற ஒரே இடம் இந்த ரேடியோதான். அதுவும் போனால் மனுஷன் எங்கே போவார்?

மைக்கை எடுத்தார். "டோமெங், எழுதிக்கோ. 'பயிற்சி. முதல் செய்தி வெறும் ஒத்திகை. படகு வேண்டாம். பயிற்சி.' இதுல ஒரு வார்த்தையை வெட்டினே, மலையேறி வந்து உன் கழுத்தை வெட்டுவேன். ஓவர்."

"இனிமே நீங்க அனுப்பற செய்தியில கைவைக்க மாட்டேண்ணே. எங்கம்மா மேல சத்தியம். ஓவர்."

சத்தியத்தைக் காப்பாற்றினான். பதிலும் வந்தது.

"செய்தி கிடைத்தது. இதில் 'பயிற்சி' என்று இருப்பதால் ஒத்திகைக் கோப்பில் சேர்த்தாயிற்று. முதல் செய்தியில் அந்தச் சொல் இல்லை. ஆகவே அதன்படி வேலை நடக்கிறது. விதி ஒன்று."

"என் விதியை எனக்கே சொல்றாளே!" என்று பொன்சியானோ மேசையைக் குத்தினார். மேசையில் இருந்த காபி விதிகளின் நகல்மேல் கொட்டியது.

சரி, அந்தச் சொல்லே இல்லாமல் அனுப்பிவிடுவோம் என்று அடுத்ததை அனுப்பினார். "முதல் செய்தி தவறு. இங்கே எல்லாரும் நலம். எதுவும் அனுப்ப வேண்டாம்."

"ரத்தை ஏற்க இயலாது. முதல் செய்தி மேயர் கவினோ பெயரில் வந்தது. அவரே ரத்து செய்ய வேண்டும். விதி நான்கு. குறும்புக்காரர்களின் 'எல்லாரும் நலம்' புரளி பற்றிப் பாடம் எடுத்தவர் தாங்கள்தான்."

போன வருடம் எடுத்தது உண்மைதான். நன்றாக எடுத்தார் என்று எல்லாரும் கைகூடத் தட்டினார்கள். பொன்சியானோவுக்கு அந்தக் கைதட்டலை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருந்தது.

"போன் பண்ணித்தான் சொல்லேன்" என்றாள் சொலெதாத்.

"சங்கத்துக்காரங்க எல்லாரோட போனையும் பிஸ்கட் டப்பாவுல போட்டு டேப் ஒட்டியாச்சு. ஒத்திகை அன்னிக்குப் போனைத் தொடக்கூடாது, அஞ்சாம் விதி."

"என்னோடதை எந்த டப்பாவுலயும் போடல. இந்தா."

நிவாரண அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா எடுத்தான்.

"நான் சான் எலிகியோவுலேருந்து பேசறேன்..."

"அங்கேதான் போனெல்லாம் செத்துப்போச்சே சார். அப்புறம் எப்படிப் பேசறீங்க?"

"சாகலய்யா! அந்தச் செய்தியே பொய்!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதை அனுப்பினதே நான்தான்!"

"அனுப்பினது மேயர்னு போட்டிருக்கு. நீங்க மேயரா?"

"இல்ல."

"அப்ப வையுங்க சார். ஜனங்க தண்ணியில தத்தளிக்கிறப்ப விளையாட்டு வேற."

பின்னால் யாரோ கெக்கெக்கென்று சிரிப்பது கேட்டது. ஜனங்கள் தத்தளிக்கும்போது அலுவலகத்தில் சிரிப்பு! உருப்படுமா இந்த மாகாணம் என்று பொன்சியானோ போனைத் திருப்பிக் கொடுத்தார்.

இனி மேயர்தான் கதி. பொன்சியானோ ஸ்கூட்டரை உதைத்துச் சேவல் சண்டை நடக்கும் கொட்டகைக்குப் போனார். மேயர் கவினோ ஒரு சிவப்புச் சேவலை மடியில் வைத்து, அதன் காலை நீவிக்கொண்டிருந்தார்.

"மேயர், ஒத்திகைக்காக உங்க பேரைப் போட்டு ஒரு செய்தி அனுப்பினேன். கை தவறி நிஜமாப் போயிடுச்சு. நீங்க ஒரு வார்த்தை 'வேண்டாம்'னு சொல்லிட்டா..."

"என்ன செய்தி?"

"இருபது மூட்டை அரிசி கேட்டு."

சேவலை நீவிக்கொண்டிருந்த கை நின்றது. "வருதா?"

"வருது. ஆனா செய்தி பொய்."

"அரிசி பொய்யா?"

"அரிசி நிஜம்."

"என் பேர்லதானே வருது?"

"உங்க பேர்லதான்."

"அப்புறம் எதுய்யா பொய்?" என்றார் மேயர். சேவலைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டு, பந்தயம் அறிவிக்கிற மைக்கைப் பிடுங்கினார். "அன்பான சான் எலிகியோ மக்களே! உங்கள் மேயரின் முயற்சியால் இன்று மதியம் பள்ளிக்கூடத்தில் இலவச அரிசி வழங்கப்படும்!"

கொட்டகையில் எழுந்த ஆரவாரத்தில், களத்தில் நின்ற இரண்டு சேவல்களும் சண்டையை விட்டுவிட்டு ஒரே மூலைக்கு ஓடின.

பொன்சியானோ வீட்டுக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு எழுந்து உட்கார்ந்தார்.

"சொலெதாத், ஒரு யோசனை. பொய்ச் செய்தின்னாதானே உரிமம் போகும்? படகு வர்றப்போ இங்கே நிஜமாவே நாப்பது குடும்பம் பள்ளிக்கூடத்துல இருந்தா?"

சொலெதாத் அவரைப் பார்த்த பார்வையில் இட்லிகூட வெந்துவிடும். சான் எலிகியோவில் இட்லி கிடையாது, அது வேறு விஷயம்.

"தப்புப் பண்ணினவன் போய் மன்னிப்புக் கேப்பான். நீ ஊரையே தண்ணியில முழுக்கப் போறியா?"

"கேக்கலாம்னா எவன் காது கொடுத்துக் கேக்கறான்? காலையிலேருந்து அதைத்தானே பண்ணிக்கிட்டிருக்கேன்!"

அது நியாயம்தான்.

குடும்பங்களைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மேயரின் அறிவிப்பைக் கேட்டு நாற்பது என்ன, ஊரே பள்ளிக்கூடத்தில் பையோடு நின்றது. பக்கத்து ஊரிலிருந்துகூடச் சொந்தக்காரர்களை வரவழைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவதுபோல் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார்கள். வெள்ளத்தில் தப்பியவர்கள் மாதிரி ஒருத்தர்கூட இல்லை.

"கொஞ்சம் நனைச்சுக்கறீங்களா?" என்று தோட்டத்து ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு பொன்சியானோ கெஞ்சினார்.

"எதுக்கு நனையணும்?"

"நனைஞ்சவங்களுக்குத்தான் அரிசி."

அவ்வளவுதான், குழாயடியில் அடிதடி. தனக்குச் சரியாக நனையவில்லை என்று ஒரு பெண்மணி இரண்டாம் முறை வரிசையில் வந்து நின்றாள்.

பாலம் பாக்கி இருந்தது. படகு வந்து நிற்கிற துறைமுகத்திலிருந்து பார்த்தால் பாலம் கல்லுமாதிரி நிற்பது தெரியும். நாலு பேரைப் பிடித்து, பாலத்தின் குறுக்கே தென்னைமரம் இரண்டைப் போட்டு, மேலே சிவப்புத் துணி கட்டச் சொன்னார். கட்டிக்கொண்டிருக்கும்போதே வாராவாரம் வரும் அரிசி லாரி அந்தப் பக்கம் வந்து நின்று, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டது. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படகு நிறைய அரிசி வருகிறபோது லாரி எதற்கு?

கடைசியாகக் கர்ப்பிணிகள். ஊரில் நிறைமாதமாக இருந்தது ஒரே ஒரு பெண்தான். அவளும் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டால்தான் வருவேன் என்றாள்.

"இன்னொருத்தி வேணுமே" என்று பொன்சியானோ மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினார்.

"எனக்கு அம்பத்தெட்டு வயசு, சியானோ."

"தூரத்துலேருந்து பார்த்தா தெரியாது. ஒரு சின்னத் தலையணை..."

"கல்யாணத்தன்னிக்கே எங்கப்பா கேட்டாரு, யோசிச்சியாம்மான்னு" என்றாள் சொலெதாத். ஆனாலும் தலையணையை எடுத்தாள். உரிமம் போனதோடு புருஷன் ஜெயிலுக்கும் போனால் கடையை யார் பார்ப்பது? பெயின்ட் வாசனை அவளுக்கு ஆகாது.

மதியம் தாண்டியது. படகைக் காணோம். பொன்சியானோ ரேடியோவைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்து, ஊருக்கே கேட்கட்டும் என்று அதைக் கூடைப்பந்து மைதான ஒலிபெருக்கியோடு இணைத்தார். நனைந்த ஜனங்கள் காற்றில் காய்ந்துபோக, மறுபடி நனைத்தார். பிள்ளைகள் பசியில் அழத் தொடங்கின. ஒருவர் வீட்டிலும் உலை வைக்கவில்லை. இலவச அரிசி வரும்போது சொந்த அரிசியைப் போட்டுச் சமைக்க யாருக்கு மனசு வரும்?

"சியானோ அண்ணே, எங்க அரிசி?" என்று முன்வரிசை கேட்டது.

"வந்துக்கிட்டே இருக்கு."

"இதையேதான் அப்பவும் சொன்னீங்க."

மேயர் கவினோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். பிறகு தலைவலி என்று சொல்லி நழுவினார். போகிறபோது, "அரிசி விநியோகம் முழுக்க பொன்சியானோ பொறுப்பு" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

பொன்சியானோ மைக்கை எடுத்தார். "டோமெங், டீச்சர்கிட்ட கேளு. படகு எங்கே? ஜனங்க காத்திருக்காங்க. ஓவர்."

கூட்டம் ஒலிபெருக்கிக்கு அடியில் நெருக்கியடித்தது. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. டோமெங்கின் குரல் மைதானம் முழுக்க கணீரென்று ஒலித்தது.

"டீச்சர் பதில்: 'படகு சான் எலிகியோ வந்து சேர்ந்தது. இருபது மூட்டை அரிசியும் பொன்சியானோவிடம் ஒப்படைக்கப்பட்டு விநியோகம் முடிந்தது. கர்ப்பிணிகள் இருவருக்கும் சுகப்பிரசவம். அனைவருக்கும் நன்றி.' ஓவர்."

சொலெதாத் குனிந்து தன் தலையணையைப் பார்த்தாள். நாற்காலியில் இருந்த நிஜக் கர்ப்பிணி, தனக்குத் தெரியாமல் ஏதாவது நடந்துவிட்டதா என்பதுபோல் வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

அப்புறம் வெடித்தது.

"ஒப்படைச்சாச்சாமே! எங்கய்யா வெச்சிருக்கே?"

"இருபது மூட்டையையும் அமுக்கிட்டான்!"

"எங்களைத் தண்ணியில நனைச்சு நிறுத்திவெச்சிட்டுப் பின்வாசல் வழியா இறக்கியிருக்கான்!"

"ஐயோ, சத்தியமா படகே வரலய்யா!" என்று பொன்சியானோ அலறினார். "நீங்களே துறைமுகத்தைப் பாருங்க!"

"அப்ப ரேடியோ பொய் சொல்லுதா? ரேடியோ பொய்யே சொல்லாதுன்னு வருஷா வருஷம் கூட்டம் போட்டுச் சொன்னது யாரு?"

நாலு பேர் அவர் கடைக்குள் புகுந்து பெயின்ட் டப்பாக்களை நகர்த்தி அரிசி தேடினார்கள். கிடைக்கவில்லை என்றதும் கோபம் இன்னும் ஏறியது. கடைசியில் பஞ்சாயத்து ஒரு முடிவுக்கு வந்தது. அரிசி எங்கேயோ போகட்டும், இத்தனை பேருக்கும் இப்போது பொன்சியானோ தன் காசில் சோறு போட வேண்டும்.

"போடறேன். போட்டுத் தொலைக்கறேன்" என்றார் பொன்சியானோ. மளிகைக்கடைக்காரரைப் பார்த்தார்.

"என்னைப் பார்த்து என்ன புண்ணியம்? கடையில ஒரு பிடி அரிசி இல்ல. வாராந்தர லாரிதான் பாலம் உடைஞ்சுபோச்சுன்னு திரும்பிப் போயிடுச்சே" என்றார் அவர்.

சொலெதாத் தலையணையை உருவி எடுத்து, கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.

"காலையில என்ன செய்தி அனுப்பினே சியானோ? பாலத்துல வழி இல்ல, பள்ளிக்கூடம் நிறைய ஜனங்க, சாப்பிட அரிசி இல்ல. அத்தனையும் உண்மையாக்கிட்டே. போன்கூட இப்ப சார்ஜ் இல்லாம செத்துப்போச்சு. உன் உரிமத்துக்கு இனி ஒரு குறையும் வராது."

பொன்சியானோவுக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. உரிமம் தப்பியதா, இல்லையா? படகு வந்ததா, இல்லையா? நிவாரண அலுவலகத்துக்கும் பைத்தியம், டீச்சருக்கும் பைத்தியம், நடுவில் தனக்கு மட்டும் புத்தி இருந்து என்ன பிரயோஜனம் என்று தலையைப் பிடித்துக்கொண்டு மேடைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, ரேடியோவைத் தோளில் மாட்டிக்கொண்டு டோமெங் மலையிலிருந்து இறங்கி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. தெப்பமாக நனைந்து முறைத்துக்கொண்டிருந்த ஊரைப் பார்த்து, "அட, ஒத்திகைக்கு இவ்வளவு பேரா? அசத்திட்டீங்கண்ணே!" என்றான்.

"ஒத்திகையா?" பொன்சியானோ அவன் சட்டையைப் பிடித்தார். "அங்கே அத்தனை பேரும் நிஜம்னு நம்பி அரிசி ஏத்திக்கிட்டிருக்காங்கடா!"

"யாருண்ணே நம்பினது? இன்னிக்கு ஒத்திகைன்னு அங்கே எல்லாருக்கும் தெரியுமே. டீச்சர் உங்களைப் பாராட்டச் சொன்னாங்க. அவங்களை மடக்க நீங்க போட்ட குறுக்குச் செய்தி ஒவ்வொண்ணும் அருமையாம். அந்தக் குமாஸ்தாகூட, மேயர் பேரைச் சொல்லிப் போன்ல உங்களையே விரட்டினேன்னு விழுந்து விழுந்து சிரிச்சானாம்."

"அப்ப 'அரிசி ஏத்தறோம்', 'படகு வந்துடுச்சு', 'சுகப்பிரசவம்'னு நீ சொன்னதெல்லாம்?"

டோமெங் அவர் பிடியிலிருந்து காலரை மெல்ல விடுவித்து, மடிப்பைச் சரிசெய்துகொண்டான்.

"டீச்சர் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னாலயும் பின்னாலயும் 'பயிற்சி, பயிற்சி'ன்னு சொல்லிக்கிட்டேதாண்ணே இருந்தாங்க; நீங்க அனுப்பற செய்தியைத்தானே வெட்டாதேன்னு சொன்னீங்க?"